கடைசி ஐந்து நிமிடம்

கேட்காத தாளத்துக்குக் காலை எடுத்து வைக்காதே, வைத்தால், வைத்தால் என்ன ஆகும் என்று கஸ்பார் பெரியப்பா சொன்னார், அதுதான் நினைவில்லை, நினைவில்லை என்பதும் சரியில்லை, அதை நான் கேட்கவேயில்லை, அந்த நேரம் பார்த்து மைக் கீயென்று அலறிவிட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், நான் பிரான்சுக்கு விமானம் ஏறுவதற்கு முந்தின ஞாயிறு, மாதா கோயில் மண்டபத்தில் எனக்கு வழியனுப்பு விருந்து. பெரியப்பா பிரெஞ்சு ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர், எதைப் பேசினாலும் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும்தான் பேசுவார், அன்றைக்கும் அப்படித்தான் பேசினார், எனக்குப் புத்திமதி சொல்லவெல்லாம் அவர் எழுந்திருக்கவில்லை, அணிவகுப்பில் தனக்குப் பக்கத்தில் நடந்த காது மந்தமான ஒரு டிரம்காரனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார், மைக் அலறி முடித்தபோது முன்வரிசை மொத்தமும் சிரித்துக்கொண்டிருந்தது, நானும் சிரித்தேன். காலில் சுளுக்கு விழும் என்று சொன்னார் என்றாள் சித்தி. பின்னால் வருகிறவன் வந்து முட்டுவான் என்று சொன்னார் என்றான் சித்தி மகன். பெரியப்பாவையே கேட்டதற்கு, அப்படி ஏதாவது சொன்னேனா என்ன என்றார். அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிவிட்டது, இனி யாரைக் கேட்பது, இப்போது ஏன் அது நினைவுக்கு வருகிறது என்றால் கையில் பதினான்காம் டோக்கனை வைத்துக்கொண்டு காது பரிசோதனை நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எதிர்ச் சுவரில் காதின் உள்பக்கத்தைப் பெரிதாக வரைந்து மாட்டியிருக்கிறார்கள், நத்தை மாதிரி ஒன்று உள்ளே சுருண்டு கிடக்கிறது, மின்விசிறி கடகடவென்று ஓடுகிறது, அது கேட்கிறது, பக்கத்து நாற்காலிப் பெரியவர் தொண்டையைச் செருமுவது கேட்கிறது, கீழே தெருவில் பஸ் உறுமுவது நன்றாகவே கேட்கிறது, எல்லாம்தான் கேட்கிறதே, எழுந்து போய்விடலாமா, வியாழக்கிழமை மணி இரண்டேகால், நாலு மணிக்குள் வாரப் பத்திரிகை நடத்துகிற கலியமூர்த்திக்குப் பட்டியலை அனுப்பியாக வேண்டும்.

பட்டியல் என்று நான் சொல்வது எட்டுப் பக்க வார இதழின் ஆறாம் பக்கத்தில், வரன் தேவைக்கும் வாடகைக்கு வீட்டுக்கும் நடுவில், கைக்குட்டை அளவு இடத்தில் வருகிற ஒரு பத்தி. உறங்காதவர்களுக்கு என்று பெயர். அந்த வாரம் தொலைக்காட்சியில் இரவு பதினொன்றுக்கு மேல் வரும் இசைப் படங்கள், இசைக்காரர்களைப் பற்றிய ஆவணப்படங்கள், எது எந்தச் சேனலில், எத்தனை மணிக்கு, ஏன் கண்விழித்துப் பார்க்க வேண்டும். ஊருக்குத் திரும்பி வந்த புதிதில் எனக்கு இரவில் தூக்கம் வராது, உடம்பு இன்னும் லியோன் நகரத்து நேரத்திலேயே இருந்தது, ரிமோட்டை வைத்துக்கொண்டு தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கண்டுபிடித்தேன், விளம்பரக்காரர்கள் எல்லாரும் படுத்த பிறகு, யாரோ ஒரு புண்ணியவான், எந்தச் சேனலிலும் முகம் தெரியாத ஒருவர், தனக்குப் பிடித்த படங்களை எல்லாம் எடுத்து பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் வரிசையாக வைத்துவிட்டுப் போகிறார், கோயில் பிராகாரத்தில் யாரோ கோலம் போட்டுவிட்டுப் போன மாதிரி. அவருக்கு ஒருநாள் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் பத்தியை ஆரம்பித்தேன். முதல் வாரமே தப்பு செய்தேன். சனிக்கிழமை இரவு பன்னிரண்டே நாற்பது என்று போட்டேன், பாதிப் பேர் வெள்ளிக்கிழமை ராத்திரியே உட்கார்ந்துவிட்டார்கள், பன்னிரண்டு தாண்டினால் சனிதானே என்று, அதிலிருந்து சனி இரவு, விடிந்தால் ஞாயிறு என்று போடுகிறேன், கலியமூர்த்தி ஒவ்வொரு வாரமும் இடம் அடைக்கிறது முசியே, விடிஞ்சா நாயித்துக்கெழமைன்றது எல்லாருக்கும் தெரியாதா என்பான். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா, அதுதான் எனக்கு அவன் வைத்த பெயர், பிரெஞ்சுப் பள்ளியில் படித்து பிரான்சில் இருந்து வந்தவன் என்றால் இந்த ஊரில் வேறு பெயர் வைக்க மாட்டார்கள், என் பெயர் சவரிராயன் என்பது அவனுக்கு நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம். அங்கே நான் செய்த வேலை என்ன என்று கேட்டால்தான் சொல்லக் கஷ்டம். காது கேளாதவர்களுக்காகப் படத்தின் அடியில் எழுத்துப் போடுகிற வேலை. பேச்சை எழுதுவது எல்லாரும் செய்வார்கள். என்னிடம் தந்தது இசைப் படங்கள். அடைப்புக்குறி போட்டு, வயலின், தயங்கித் தயங்கி, என்று எழுத வேண்டும். தூரத்தில் முரசு, நெருங்குகிறது. பாடகி மூச்சை இழுக்கிறாள். இருபத்திரண்டு வருடம், காதில் ஹெட்போனை மாட்டி, ஒரு இருமலையும் விடக்கூடாது என்று சத்தத்தை ஏற்றி ஏற்றி வைத்துக்கொண்டு எழுதினேன். பிறகு எழுத்தை இயந்திரமே போடும் என்றார்கள், அது இப்போது எல்லா இடத்திலும் இசை, இசை, இசை என்று மட்டும் போடுகிறதாம், நான் திரும்பி வந்துவிட்டேன்.

பதினாலு, பதினாலு என்று டோக்கன் கொடுத்த பெண் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாது, பக்கத்துப் பெரியவர்தான் தொடையில் தட்டினார், "ஒங்களத்தான் சார் கூப்புடுது அந்தப் பொண்ணு" என்றவர், நான் எழுந்திருப்பதற்குள் ஹாலைப் பார்த்து, "காது கேக்காதவன்லாம் வந்து குந்தியிருக்கற எடத்துல வாயால கூப்புட்டா எவனுக்குக் கேக்கும், ஒரு போர்டுல நம்பர் வெக்க மாட்டாங்களா?" என்றார், நாலைந்து பேர் சிரித்தார்கள், இரண்டு பேர் சிரித்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கூப்பிட்டது உள்ளே வரச் சொல்லி இல்லை, பரிசோதனை செய்கிறவர் வெளியே போயிருக்கிறார், பத்து நிமிடம் ஆகும், பதினான்கு அடுத்தது, பக்கத்திலேயே இருங்கள் என்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறாள். திரும்ப உட்கார்ந்தேன். நான் இங்கே வந்து உட்காரக் காரணம் ஒரு நாணல் குழல் படம். சென்ற வாரம் நான் எழுதியது. ஒரு வடக்குத் தீவு, எண்பது வயதுக் கிழவர், சுண்டுவிரல் நீளத்துக்கு நாணலில் குழல் செய்து கடல் பறவைகளைக் கூப்பிடுகிறவர், ஒன்றேகால் மணி நேரப் படம். கடைசி ஐந்து நிமிடம் அவர் விடியற்காலையில் பாறைமேல் நிற்கிறார், குழல் உதட்டில் இருக்கிறது, விரல்கள் அசைகின்றன, கன்னம் உப்புகிறது, அலை அடிக்கிறது, வேறு சத்தம் இல்லை. நான் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன், என்ன துணிச்சல், ஒரு இசைப் படத்தை முடிக்கும்போது இசையை எடுத்துவிடுகிறானே, விரலை மட்டும் காட்டுகிறானே என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அன்றைக்கே எழுதினேன், கடைசி ஐந்து நிமிடம் இயக்குநர் இசையை நிறுத்திவிடுகிறார், அந்த மௌனத்துக்காகவே இந்தப் படத்தைப் பாருங்கள், ஞாயிறு இரவு மறுஒளிபரப்பு இருக்கிறது, விடிந்தால் திங்கள். மூன்று வருடத்தில் நான் எழுதியதில் நல்ல வரி அதுதான் என்று எனக்கே தோன்றியது. கலியமூர்த்தி போன் செய்து, "முசியே, பின்னிட்டீங்க" என்றான். பேராசிரியர் திருஞானம், கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர், அந்த மௌனத்தைப் பற்றி இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார், ஓசையின் எல்லையில் நின்று ஓசையின்மையைச் சுட்டுகிறது படம் என்று. அவர் படத்தைப் பார்த்தாரா, என் பத்தியை மட்டும் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. இந்த வாரம் அதைச் சுற்றிக் கோடு போட்டு, பெட்டி கட்டிப் போடப் போகிறான் கலியமூர்த்தி.

ஆனால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, பத்தியின் அடியில் போட்டிருக்கும் என் எண்ணுக்கு ஒரு போன் வந்தது. "ஒறங்காதவங்களுக்கு எழுதற சாருங்களா?" ஆமாம் என்றேன். "நான் செங்கேணி சார், தண்ணி தொட்டி மோட்டாரு ரூமுல நைட் டூட்டி, எங்க வூட்டுக்காரரு வேல, அவுரு செத்தப்பறம் எனக்குக் குடுத்தாங்க. ஒங்களுத வெச்சுத்தான் எந்தச் சேனல் போடறதுன்னு பாப்பேன். ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?" கேளுங்கள் என்றேன். "அந்தக் கெழவனாரு படம் ராத்திரி பாத்தேன். கடசீல சத்தமே இல்லன்னு போட்டிருந்தீங்க. ஊதிக்கினே இருந்தாரு சார் அவுரு. சன்னமா, ஊசி மாதிரி. மோட்டாரு ஓடற ரூமுலயே எனக்குக் கேட்டுச்சு. ஒங்க டிவி ரிப்பேருங்களா?" இருக்கும் என்று சொல்லிவிட்டேன். "எங்க தம்பி டிவி மெக்கானிக்குதான், அனுப்பட்டா?" வேண்டாம்மா, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன். முதலில் கோபம்தான் வந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும், மோட்டார் ரூமில் உட்கார்ந்துகொண்டு இவளுக்கு என்ன குழல் கேட்டிருக்கும், பைப்பில் காற்று போயிருக்கும் என்று நினைத்தேன், இருபத்திரண்டு வருடம் காதை வைத்தே சாப்பிட்டவன் நான். பிறகு, பத்தி எழுதுவதற்காகப் படத்தைப் பதிவு செய்து வைத்திருந்தேன், கதவைச் சாத்திக்கொண்டு கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டினேன். அலை. சத்தத்தைக் கூட்டினேன். பெரிய அலை. இன்னும் கூட்டினேன், கீழ்வீட்டில் நாய் ஊளையிட ஆரம்பித்தது, எனக்கு அலைதான். அப்போதுதான் ரிமோட்டில் அந்தப் பொத்தானை அழுத்தினேன், என் வாழ்க்கையில் எனக்காக நான் ஒருநாளும் அழுத்தாத பொத்தான், காது கேளாதவர்களுக்கான எழுத்து. கிழவர் குழலை உதட்டில் வைத்தார். படத்தின் அடியில் வெள்ளை எழுத்தில், அடைப்புக்குறிக்குள், நாணல் குழல், மிக உயர்ந்த சுருதியில், என்று வந்தது. விரல்கள் அசைந்தன. குழல், பறவைபோல் நடுங்கி, என்று வந்தது. பிறகு, குழல் நிற்கிறது. அலை. பிறகு மறுபடி, குழல்.

யார் அதை எழுதியது என்று எனக்குத் தெரியாது, ஏதோ ஊரில் ஏதோ அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருவனோ ஒருத்தியோ, இயந்திரம் இல்லை, நிச்சயமாக இயந்திரம் இல்லை, இயந்திரத்துக்கு நடுங்கி என்று எழுதத் தெரியாது, அந்த ஒரு சொல்லுக்காக அந்த ஆள் எத்தனை முறை பின்னால் ஓட்டிப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும், நடுங்கியா, அதிர்ந்தா, தேம்பியா என்று மேசையில் விரலால் தட்டிக்கொண்டே நான் உட்கார்ந்திருந்த ராத்திரிகள் எத்தனை, யாருக்காக எழுதுகிறோம் என்று ஒரு முகமும் மனதில் வந்ததில்லை, எப்போதாவது ஒரு கடிதம் வரும், என் கணவர் உங்கள் எழுத்தைப் படித்துவிட்டுக் காலால் தாளம் போட்டார் என்று, அதை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன், இருந்தாலும் யாருக்கு என்று தெரியாது. திங்கட்கிழமை தெரிந்தது. எனக்குத்தான். அந்த ஆள் எனக்காக எழுதியிருக்கிறார். தரையில் உட்கார்ந்து அழுதேன் என்று சொன்னால் துக்கத்தில் அழுதேன் என்று நினைப்பீர்கள், பாதிதான் துக்கம், மீதி என்னவென்று சொல்ல, பஸ்ஸில் நிற்க முடியாமல் நிற்கும்போது முகம் தெரியாத யாரோ எழுந்து இடம் கொடுத்தால் வருமே, அது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. ஊரில் சிட்டுக்குருவியே இல்லாமல் போய்விட்டது, எல்லாம் செல்போன் கோபுரத்தால்தான் என்று கலியமூர்த்தியிடம் அரைமணி நேரம் வாதாடினேனே, அவன் ஜன்னலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். இந்த ஊர்க் கொசு சத்தம் போடாமல் கடிக்கிறது, பிரான்சுக் கொசுவுக்கு இருக்கிற நாகரிகம் இதற்கு இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மைக்ரோவேவ் கெட்டுவிட்டது, முடிந்ததும் பீப் அடிப்பதில்லை என்று கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன், கடைக்காரர் இரண்டு முறை ஓட்டிக் காட்டினார், நல்லாத்தானே இருக்கு என்றார், நான் அவர் ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன்.

பதினாலு என்றார்கள், இந்த முறை உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரிந்தது. உள்ளே குளிர்பதனப் பெட்டி மாதிரி ஒரு அறை, தடித்த கதவு, சுவரெல்லாம் பஞ்சு, ஒரு நாற்காலி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேன்மொழி என்று சட்டையில் பெயர் குத்திய பெண். ஹெட்போனை மாட்டிவிட்டாள், கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். "சத்தம் கேட்டா அழுத்துங்க சார். ரொம்ப சின்னதா, கேட்ட மாதிரி இருந்தாக்கூட அழுத்திடுங்க. அவசரம் இல்ல." கதவு மூடியது. இப்படி ஒரு அமைதியை நான் இந்த ஊரில் அனுபவித்ததே இல்லை, என் ரத்தம் ஓடுவது கேட்டது. ஹூம் என்று தாழ்ந்த சத்தம், அழுத்தினேன். இன்னும் தாழ்ந்து, அழுத்தினேன். என்ன சுலபம், எல்லாம் கேட்கிறது, செங்கேணியும் இல்லை ஒன்றும் இல்லை, சும்மா பயந்துவிட்டேன், ஊ என்று அடுத்தது, அழுத்தினேன், ஊ, அழுத்தினேன், சத்தம் ஏணி ஏறிக்கொண்டே போனது, பிறகு ஒரு இடத்தில் ஏணி நின்றுவிட்டது. காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேன்மொழியின் கை அசைகிறது, ஆனால் எனக்கு ரத்தம்தான். அப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் எழுத்துக்கு நேரம் குறித்த ஆள், எந்த இடைவெளியில் எது வரும் என்று கைக்கே தெரியும், இதுவரை சத்தங்கள் எத்தனை நொடிக்கு ஒன்றாக வந்தன என்று கை எண்ணி வைத்திருந்தது, நான் சொல்லாமலே அது அழுத்த ஆரம்பித்தது, மூன்று நொடி, அழுத்து, நாலு நொடி, அழுத்து, மூன்று நொடி, அழுத்து. பெரியப்பாவின் டிரம்காரன் இப்படித்தான் நடந்திருப்பான், முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டே, ஒரு அடியும் தப்பாமல், வெயிலில், கொடிகளுக்கு நடுவில், எத்தனை வருடம் நடந்தானோ, பாவம், எத்தனை பயந்தானோ. ஹெட்போனில் தேன்மொழியின் குரல் வந்தது, மெதுவாக, கோபமே இல்லாமல், "சார், நான் இப்ப ஒண்ணும் போடலையே."

கையிலிருந்த பொத்தானை மடியில் வைத்துவிட்டேன். சுற்றிலும் பஞ்சுச் சுவர், யாரும் பார்க்கவில்லை, இருந்தாலும் காது இரண்டும் சூடேறியது, கேட்காவிட்டாலும் அதற்குச் சூடேறத் தெரிகிறது. "பரவால்ல சார், நெறைய பேரு செய்வாங்க" என்றாள், "நேத்து ஒரு ஹெட்மாஸ்டர் செஞ்சாரு. மறுபடியும் பண்ணலாமா? கேட்டா மட்டும். கேக்கலன்னா சும்மா இருங்க, அதுவும் எனக்கு வேணும்." அதுவும் எனக்கு வேணும் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்காததையும் ஒருவர் குறித்துக்கொள்கிறார், அதற்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறார். மறுபடி பொத்தானை எடுத்தேன், கையைத் தளர்த்தினேன், கேட்டபோது அழுத்தினேன், கேட்காதபோது சும்மா இருந்தேன், சும்மா இருப்பது எவ்வளவு சுகம், ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்கிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ வாசிக்கிறாள், எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றை, எனக்காகத்தான் வாசிக்கிறாள். முடிந்து வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினாள், இரண்டு கோடு, தாளின் இடது ஓரத்தில் தொடங்கி மேசைமேல் போவதுபோல நேராகப் போய் நடுவில் மேசை முடிந்து கீழே விழுகின்றன, வலது காதின் கோடு முன்னாலேயே விழுகிறது. "கீழ் சத்தம் எல்லாம் நல்லா இருக்கு சார். மேல போகப் போக இல்ல. மெஷின் வெச்சா பேச்சு தெளிவாயிடும்." பாட்டு, என்று கேட்டேன். அவள் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, என் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு வந்து நின்றுகொண்டு சொன்னாள், "கொஞ்சம் திரும்பக் கேக்கும். பழையபடி கேக்கும்னு நான் சொல்ல மாட்டேன் சார்." இடது பக்கம் வந்து நின்றாளே, அதற்காகவே அவளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆக வேண்டும், ஆகியிருந்தால் நன்றாக இருக்க வேண்டும்.

மாடிப்படியில் உட்கார்ந்தேன், மணி மூன்று இருபது, மடியில் பட்டியல். இந்த வாரம் நாலு படம். செவ்வாய் இரவு, மலை கிராமங்களுக்கு வேனில் போய்ப் பழைய பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிற ஒரு அம்மாளின் படம். புதன் இரவு, ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஓட்டல் பேண்டாக இருந்தவர்கள் இருபது வருடம் கழித்துத் திரும்பச் சேர்கிறார்கள், அவர்களில் இரண்டு பேருக்குள் பேச்சு இல்லை, வாசிப்பு மட்டும் உண்டு. வெள்ளி இரவு, சென்னை ஸ்டூடியோக்களில் பின்னணிக்குக் கோரஸ் பாடிய மூன்று பெண்கள், இத்தனை பாட்டில் தங்கள் குரல் எது என்று அவர்களே கண்டுபிடிக்க முடியாமல் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள், அது ஒன்று போதும். சனி இரவு, விடிந்தால் ஞாயிறு, ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லாமல் சும்மா கிடக்கிற பேண்டு செட்டுக்காரர் ஒருவரைப் பற்றிய தமிழ்ப் படம். நாலையும் முன்பே பார்த்திருக்கிறேன், ஆனால் எப்போது, எந்தக் காதோடு, கோரஸ் பெண்கள் மூன்று பேரில் உச்சக் குரல் யாருடையது என்று போன வருடம் எழுதி வைத்திருக்கிறேன், அது கேட்டு எழுதியதா, முகத்தைப் பார்த்து எழுதியதா. பயம் இங்கேதான் இருக்கிறது, இதைச் சொல்லிவிட்டால் பத்தி போய்விடும், மூக்கு அடைத்தவனிடம் எந்தக் கடையில் பிரியாணி நன்றாக இருக்கும் என்று யார் கேட்பார்கள், பத்தி போனால் எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது, மேல்மாடி வீடு, ஒரு ரிமோட், முசியே என்ற பெயர். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, பேராசிரியர் இருக்கிறார், மௌனம் என்று பெட்டி கட்டிவிடுவார்கள், இனி எந்தப் படத்தில் எனக்கு எது கேட்காவிட்டாலும் அதை இயக்குநரின் துணிச்சல் என்று எழுதலாம், எழுத்தைப் போட்டுப் பார்த்தே பத்து வருடம் ஓட்டலாம், யாருக்கும் தெரியாது. மோட்டார் ரூமில் ஒருத்திக்குத் தெரியும். தெரிந்தும் அவள் டிவி ரிப்பேரா என்றுதான் கேட்டாள், உனக்குக் காது இல்லையா என்று கேட்கவில்லை. நான்தான் அவளிடம் பொய் சொன்னேன், அவள் தம்பியை அனுப்பட்டுமா என்றாள்.

போனை இடது காதில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். தூங்கி எழுந்த குரல். "யாரு?" உறங்காதவர்களுக்கு என்றேன். "ஐயோ சார், நான் ஒறங்கிக்கினு இருந்தேன்." மன்னிப்புக் கேட்டேன், பிறகு சொன்னேன், டிவி ரிப்பேர் இல்லம்மா, காது. கொஞ்ச நேரம் சத்தம் இல்லை, உண்மையிலேயே இல்லையா, எனக்குத்தான் இல்லையா என்று தெரியவில்லை. பிறகு, "எந்தக் காது?" என்றாள். ரெண்டும், வலது ஜாஸ்தி. "அட விடுங்க சார், நாலு வருசத்துக்கு ஒருவாட்டி மோட்டாருக்கே பேரிங் போவுது, மனுசனுக்குக் காது போவாதா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து முதல் சிரிப்பு. அந்தக் குழலைப் பற்றி இன்னொரு முறை சொல்லுங்கள் என்றேன். "இன்னா சொல்றது, சன்னமா இருந்துச்சு. ஊதுவாரு, நிறுத்துவாரு, அந்தாண்டயிலருந்து எதுனா பதிலு வருதான்னு பாப்பாரு, வரல, மறுபடியும் ஊதுவாரு. எனக்கு அழுவ வந்துச்சு. மோட்டார நிறுத்திட்டுக் கேக்கலாமான்னு பாத்தேன், மேஸ்திரி வையுவாரேன்னு நிறுத்தல." பதில் வருகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியவேயில்லை, அந்த ஐந்து நிமிடத்தை நான் ஏழு முறை பார்த்திருக்கிறேன். வாரா வாரம் இப்படிக் கேட்டதைச் சொல்ல முடியுமா, நான் எழுதிக்கொள்கிறேன், உங்கள் பெயர் போட்டே எழுதுகிறேன் என்றேன். "எம்பேரா? எனக்கு எழுத்துலாம் அவ்ளோ வராது சார்." கேட்டதைச் சொன்னால் போதும். "அது இன்னா பெரிய விசயம், தெனம் காலையில ரிஜிஸ்டர்ல சத்தம்னு ஒரு கட்டம் இருக்கு, நார்மல்னு எழுதிட்டுத்தான வூட்டுக்கு வரேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா பொய் சொல்ல மாட்டேன். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னுதான் சொல்லுவேன், பரவால்லியா?" என்றாள்.

கலியமூர்த்தியே கூப்பிட்டுவிட்டான். "முசியே, மணி மூணு நாப்பத்தஞ்சு, மேட்டர் எங்க? புரொபசர் லெட்டர பெட்டி கட்டி வெச்சுட்டேன், மௌனத்தின் சங்கீதம்னு தலைப்பு, எப்டி?" பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன். "வெளயாடறீங்களா, அவுரு பேரனுக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு." நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். "ஏன், லெட்டர்ல எதுனா தப்பா?" லெட்டரில் ஒன்றும் தப்பில்லை, நான் சொல்வதை எழுதிக்கொள் என்றேன், பேனா தேடுகிற சத்தம் கேட்டது, அது தாழ்ந்த சத்தம்தான். இந்த வாரம் நாலு படமும் வரட்டும், அடுத்த வாரத்திலிருந்து பத்தியின் அடியில் இரண்டு பெயர், பார்த்தவர் சவரிராயன், கேட்டவர் செங்கேணி என்று சொன்னேன். பெட்டி இருந்த இடத்தில், சென்ற வாரம் நான் எழுதியது தவறு, கடைசி ஐந்து நிமிடமும் கிழவர் குழல் ஊதிக்கொண்டிருக்கிறார், எனக்குக் காது கேட்கவில்லை, என்று போடச் சொன்னேன்.